ஆண்டுக் கணக்கும் எலும்புக் கணக்கும்

பள்ளியில் சேர்க்க அழைத்துவரப்படும் குழந்தையின் வயதை அறிய நம் ஊர்த் தலைமையாசிரியர்கள் ஒரு காலத்தில் கையாண்ட முறை நேயர்களுள் மூத்தோர் பலருக்கு நினைவிருக்கலாம். குழந்தை தன் வலக்கையைத் தலைக்கு மேலே வளைத்து இடக்காதைத் தொடவேண்டும். தொட்டுவிட்டால் ஐந்து வயது நிரம்பிற்று என்று கொண்டு பெயரைப் பதிவேட்டில் எழுதிக்கொள்வார்கள். தொடவில்லையேல், அடுத்த ஆண்டு அழைத்து வருமாறு சொல்லி அனுப்பிவிடுவார்கள். பிறந்த தேதி என்னும் கட்டத்தில், பள்ளி திறக்கும் சூன் மாதத்தை ஒட்டி ஒரு தேதியை ஆசிரியரே இட்டு நிரப்புவதும் உண்டு. சான்றிதழின்படி நம் குடும்பத்துப் பெரியவர்களுள் பலர் மே மாதத்திலும் சூன் மாதத்திலும் பிறந்தவர்களாகக் காணப்படுவதன் மருமம் இதுவே.

இம்முறையைக் கண்டு இன்று நகைப்பது எளிது. ஆயினும் அதனுள் ஒரு கருத்து அடங்கியிருந்தது. 'இக்குழந்தை பிறந்து எத்தனை ஆண்டுகள் கழிந்தன?' என்று அவ்வாசிரியர் கேட்கவில்லை. 'இதன் உடல் எவ்வளவு வளர்ந்திருக்கிறது?' என்றே கேட்டார். இவ்விரண்டையும் ஒரே வினாவாக எண்ணி நாம் பழகிவிட்டோம். உண்மையில் இரண்டும் வேறு. அவை வேறென்பதை உலகம் மெல்ல மெல்ல உணர்ந்த வரலாறு, விளையாட்டுத் திடல்களில், அதிலும் காற்பந்தாட்டத் திடல்களில், மிகத் தெளிவாகத் தெரிகிறது. சிறுவரைத் தேர்ந்தெடுத்து ஆட்டக்காரராக உருவாக்கும் பயிற்சிப் பள்ளிகளின் அவ்வரலாற்றையே இப்பேச்சிற்குப் பொருளாகக் கொண்டுள்ளோம். 12 வயதுச் சிறுவன் ஒருவனை வைத்துக்கொள்வதா, 'வேண்டா' என்று வீட்டிற்கு அனுப்பிவிடுவதா என்னும் முடிவு, மேற்சொன்ன இரு வினாக்களுள் எதனைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தே அமைகின்றது. வெளி மாநிலங்களில் குடியேறி, குடியிருப்புத் திடலில் பிள்ளைகளை மாலைதோறும் ஆடவிட்டிருக்கும் நமக்கு இது தொலைவிலுள்ள பொருளன்று.

கொல்கத்தாவிலிருந்து தொடங்குவோம். 1911ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 29ஆம் நாள் மோகன் பகான் அணியினர் கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவினரை 2-1 என்னும் கணக்கில் வென்று ஐ.எப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றிய வரலாற்றை, அந்நகரில் வாழும் தமிழர் எவரும் ஆண்டுக்கொரு முறையேனும் கேளாதிருக்க இயலாது. ஆனால் அவ்வளவாகப் பேசப்படாத வேறொன்று அந்நகரின் பேட்டைகளில் நெடுங்காலம் நிகழ்ந்துவந்தது. அது உயர வரம்புப் போட்டி. 'நான்கு அடி பத்து அங்குலப் போட்டி' என்றால் வங்காளத்துப் பழைய ஆட்டக்காரர் எவருக்கும் விளங்கும். அவ்வுயரத்திற்கு மேற்படாத சிறுவர் மட்டுமே அதில் ஆடலாம். ஆட்டத்திற்கு முன் சிறுவர்களை நிறுத்தி அளப்பார்கள். அளவுக்குள் அடங்கியவன் ஆடுவான், மிஞ்சியவன் வெளியே நிற்பான். பிறப்புச் சான்று கேட்பாரில்லை. முழங்காலைச் சற்றே மடக்கிக் கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு ஏமாற்றப் பார்க்கும் சிறுவனை அளப்பவரின் கண் எளிதில் கண்டுகொள்ளும்.

இப்போட்டிகள் ஏன் தோன்றின என்பதை ஊகிப்பது கடினமன்று. நம் நாட்டில் பிறப்பையும் இறப்பையும் பதிவதற்கான பொதுச் சட்டம் 1969ஆம் ஆண்டில்தான் இயற்றப்பட்டது. அதற்கு முன்பும், பின்னர்ப் பல ஆண்டுகள் வரையிலும், தன் பிறந்த நாளைத் தாளில் காட்டக்கூடிய சிறுவன் அருமை. தாள் இல்லாத இடத்தில் கோல் துணைநின்றது. வேறு வழியின்றிப் பிறந்த இவ்வழக்கத்தில், அதனைத் தோற்றுவித்தோர் அறியாத ஓர் அறிவு இருந்தது. எட்டாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் மீசை அரும்பிய ஆளாக நிற்பான். அதே வகுப்பில் அடுத்த இருக்கையிலிருப்பவன் இன்னும் குழந்தை முகத்தோடு இருப்பான். இருவரையும் ஒரே திடலில் மோதவிட்டால், பந்தை எவன் நன்றாகக் கையாளுகிறான் என்பது தெரியவராது. எவன் கனமானவன் என்பதே தெரியவரும். உயரக் கோல் இவ்விருவரையும் பிரித்து வைத்தது.

அக்கோலுக்கும் ஒரு குறை உண்டு. 4 அடி 10 அங்குலம் என்பது ஏறத்தாழ 147 சென்டிமீட்டர். இவ்வுயரமுள்ள இரு சிறுவர்களைக் கொள்வோம். ஒருவன் பெரியவனானபின் 163 சென்டிமீட்டரில் நின்றுவிடப் போகிறவன். மற்றவன் 183 வரை வளரப் போகிறவன். முன்னவன் தன் முழு உயரத்தில் நூற்றுக்கு 90 பங்கை இப்போதே எட்டிவிட்டான். பின்னவனோ 80 பங்கிலேதான் நிற்கிறான். கோல் இருவரையும் சமம் என்கிறது; ஆனால் முன்னவன் வளர்ச்சியின் பெரும்பகுதியைக் கடந்தவன், பின்னவன் அதன் வாயிலில் இருப்பவன். இந்தச் சிறு கணக்கை நேயர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம். பின்னர் இங்கிலாந்துக்குச் செல்லும்போது இது பயன்படும்.

ஐதராபாத்தில் இதே காலத்தில் வேறொரு சிந்தனை நடந்துகொண்டிருந்தது. சையத் அப்துல் ரகீம் பள்ளி ஆசிரியர். 1943ஆம் ஆண்டு முதல் தம் மறைவு வரை ஐதராபாத் காற்பந்துச் சங்கத்தின் செயலாளராக விளங்கியவர். 1956ஆம் ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக் பந்தயத்தில் இந்தியா நான்காம் இடம் பெற்றதும், 1962ஆம் ஆண்டு சகார்த்தாவில் தென் கொரியாவை 2-1 என வென்று ஆசியத் தங்கப் பதக்கம் பெற்றதும் அவர் பயிற்சியில்தான். அவர் தம் நகரில் நடத்திய சில போட்டிகள் விந்தையானவை. ஒன்றில், பந்தைக் காலோடு ஓட்டிச் செல்லுதல் கூடாது. பெற்றவுடன் தோழனுக்குக் கொடுத்துவிடவேண்டும். மற்றொன்றில், ஒவ்வோர் ஆட்டக்காரனும் தனக்குப் பழக்கமில்லாத காலாலேயே உதைக்கவேண்டும். கற்றுக்கொடுக்க விரும்பிய ஒன்றை விதியாக்கிவிட்டால், ஆட்டமே ஆசிரியராகிவிடும் என்பதை அப்பள்ளி ஆசிரியர் அறிந்திருந்தார். 1963ஆம் ஆண்டு சூன் திங்களில் அவர் மறைந்தார். அவருடைய முறைகளைத் தொகுத்து நாடெங்கும் பரப்பும் ஏற்பாடு எதுவும் நம்மிடம் இல்லாது போயிற்று. இதை நம் காற்பந்து வரலாற்றின் பேரிழப்புகளுள் ஒன்றாகவே கருதுகிறோம்.

1960ஆம் ஆண்டில் தில்லியில் பள்ளிகளுக்கான சுப்ரதோ கோப்பைப் போட்டி தொடங்கியது. விமானப் படைத் தலைவர் சுப்ரதோ முகர்ஜியின் எண்ணத்தில் உதித்த அப்போட்டி, நாட்டின் மூலை முடுக்குகளிலிருந்தும் பள்ளிச் சிறுவரைத் தலைநகருக்குக் கொண்டுவந்தது. இத்தகைய போட்டிகள் வளர வளர, உயரக் கோல் மறைந்து, வயதுச் சான்றிதழ் அதன் இடத்தைப் பிடித்தது. சான்றிதழ் வந்ததும், அதைத் திருத்தும் கலையும் உடன் வந்தது. மைய அரசின் அலுவலகங்களில் பணியாற்றுவோருக்கு இது புதுமையன்று. பதிவேட்டில் இரண்டு ஆண்டு குறைந்தால் பணியில் இரண்டு ஆண்டு கூடும் என்னும் கணக்கை நம்மவர் நெடுநாளாகவே அறிவர். பிறந்த தேதியைத் திருத்தக் கோரும் விண்ணப்பங்களை மொழிபெயர்த்தே தேய்ந்த பேனாக்கள் உண்டு. விளையாட்டிலும் அதே கணக்கு வேறோர் உருவில் நுழைந்தது. 17 வயதுக்குட்பட்டோர் போட்டியில் 19 வயது இளைஞன் ஆடினால் கோப்பை கிடைக்கும். பள்ளிக்குப் பெயர் கிடைக்கும். இளைஞனுக்கு வேலையும் கிடைக்கலாம். இடத்தை இழப்பவன், உண்மையாகவே 16 வயதான, இன்னும் வளர்ந்து முடியாத சிறுவன். அவன் பெயர் எந்தப் பட்டியலிலும் ஏறுவதில்லை. ஆகவே அவனை எவரும் எண்ணிப் பார்ப்பதுமில்லை.

நிற்க. 1980களில் மூன்று நாடுகள் ஏறக்குறைய ஒரே காலத்தில் உறைவிடக் காற்பந்துப் பள்ளிகளைத் தொடங்கின. இங்கிலாந்தில் லில்லிசாலில் 1984ஆம் ஆண்டில் ஒன்று. நம் நாட்டில் சம்ஷெட்பூரில் 1987ஆம் ஆண்டில் டாட்டா காற்பந்து அகாதெமி. பிரான்சில் பாரிசு நகருக்கு அருகே கிளேர்போந்தேனில் 1988ஆம் ஆண்டில் ஒன்று. கார்ல்டன் சாப்மன், ரெனெடி சிங் போன்றோர் சம்ஷெட்பூர்ப் பள்ளியில் பயின்று இந்திய அணிக்கு ஆடியவர்கள். இப்பள்ளிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான இடர் ஒன்றிருந்தது. வளரும் பருவத்துச் சிறுவரைச் சில நாள் ஆடவிட்டுப் பார்த்து, நூற்றுக்கணக்கானோருள் ஒரு சிலரை எடுக்கவேண்டும். அந்தச் சில நாள்களில் கண்ணுக்குப் படுபவன் யார்? பெரும்பாலும் உயர்ந்தவனும் விரைந்தவனும் வலியவனுமே.

இத்தேர்வில் ஏதோ கோணல் இருக்கிறது என்பதை முதலில் வெளிப்படுத்தியது காற்பந்தாட்டம் அன்று. கனடாவின் பனித்தரை ஹாக்கி. ரோஜர் பார்ன்ஸ்லி என்னும் உளநூலறிஞரும் அவர் துணைவியாரும் ஆட்டக்காரரின் பிறந்த மாதங்களை ஆராய்ந்து, 1985ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில் வியப்பான ஒன்றைக் காட்டினர். சிறந்த ஆட்டக்காரருள் சனவரி, பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் பிறந்தோரின் தொகை அளவுக்கு மிஞ்சியிருந்தது. ஆண்டின் இறுதி மாதங்களில் பிறந்தோர் மிகச் சிலரே. காரணம் எளியது. சனவரி 1ஆம் நாளை எல்லையாகக் கொண்டு வயதுப் பிரிவு வகுத்தால், சனவரியில் பிறந்தவனும் திசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவில் நிற்பர். இருவருக்கும் இடையே ஏறத்தாழ ஓராண்டு. எட்டு வயதுச் சிறுவனுக்கு ஓராண்டு என்பது அவன் வாழ்நாளில் எட்டில் ஒரு பங்கு. மூத்தவன் சற்றுப் பெரியவனாயிருப்பதால் தேர்ந்தெடுக்கப்படுகிறான். தேர்ந்தெடுக்கப்பட்டதால் நல்ல பயிற்சி பெறுகிறான். நல்ல பயிற்சி பெற்றதால் உண்மையிலேயே சிறந்தவனாகிறான். முதலில் இருந்த சிறு வேற்றுமை, ஆண்டுகள் செல்லச் செல்லத் திறமை என்னும் பெயர் பெற்றுவிடுகிறது.

காற்பந்தாட்டத்தில் இதற்கு ஐயத்திற்கிடமில்லாத சான்று பெல்சியத்திலிருந்து வந்தது. அந்நாட்டுக் காற்பந்துச் சங்கம் 1997ஆம் ஆண்டில், அதுவரை ஆகஸ்டு 1ஆக இருந்த எல்லை நாளைச் சனவரி 1ஆக மாற்றியது. லூவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வெர்னர் ஹெல்சனும் அவர் தோழர்களும் இம்மாற்றத்திற்கு முன்னும் பின்னும் தேர்ந்தெடுக்கப்பட்ட சிறுவர்களின் பிறந்த மாதங்களை ஒப்பிட்டு, 2000ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டனர். முன்பு ஆகஸ்டை அடுத்துப் பிறந்தோர் மிகுந்திருந்தனர். மாற்றத்திற்குப் பின் சனவரியை அடுத்துப் பிறந்தோர் மிகுந்தனர். கோள்கள் எவையும் இடம் மாறவில்லை. அலுவலகக் குறிப்பேட்டில் ஒரு தேதி மாறிற்று. அவ்வளவில், 'பிறவித் திறமை' ஒரு திங்களிலிருந்து மற்றொரு திங்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டது.

பிறந்த மாதம் மட்டுமன்றி, உடல் பருவமெய்தும் காலமும் சிறுவருக்குச் சிறுவர் வேறுபடும். அந்த வேறுபாடு ஓராண்டோடு நிற்பதில்லை. 13 வயதினர் இருவரிடையே வளர்ச்சியில் நான்கைந்து ஆண்டு இடைவெளியும் காணலாம். பிரான்சின் ஆந்துவான் கிரீஸ்மானை அந்நாட்டுக் கழகங்கள் பல, உருவில் சிறியவன் என்று திருப்பி அனுப்பின. எல்லைக்கு அப்பாலிருந்த ஸ்பானியக் கழகமான ரேயால் சோசியேதாத்து அவரை ஏற்றது. 2018ஆம் ஆண்டு சூலை 15ஆம் நாள் மாஸ்கோவில் நடந்த உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் பிரான்சு 4-2 எனக் குரோசியாவை வென்றபோது, ஆட்ட நாயகர் அவரே. இங்கிலாந்தின் சேமி வார்டி 16 வயதில் இதே காரணத்தால் கழகத்திலிருந்து விடுவிக்கப்பட்டு, பல ஆண்டுகள் கீழ்ப்பிரிவு ஆட்டங்களில் உழன்றபின், 2016ஆம் ஆண்டில் லெஸ்டர் அணியோடு இங்கிலாந்தின் முதற்பிரிவுப் பட்டத்தை வென்றார். இவர்கள் திரும்பி வந்தவர்கள். ஆகவே நமக்குத் தெரிகிறார்கள். வராதவர்களின் கணக்கு யாரிடமும் இல்லை.

இவ்விடத்தில் ஒரு சொல்லைப் பற்றிச் சிறிது கூறுவது பொருந்தும். ஆங்கில அறிஞர்கள் ஆண்டால் வரும் வயது, உடலால் வரும் வயது என்று இரண்டையும் அடைமொழியிட்டே பிரித்து எழுதுகின்றனர். தமிழில் நமக்கு அத்தொல்லை இல்லை. வயது என்றால் ஆண்டுக் கணக்கு; பருவம் என்றால் வளர்ச்சி. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் குழந்தையின் பருவங்களைப் பத்தாக வகுத்தபோது, அது என்ன செய்கிறது என்பதைக் கொண்டே பெயரிட்டனர்: கை கொட்டினால் சப்பாணி, நடந்து வந்தால் வருகை, தேர் உருட்டினால் சிறுதேர். மொழிபெயர்ப்பை நாள்தோறும் செய்து வயிறு வளர்க்கும் நமக்கு, மூலத்தைவிடத் தெளிவான சொல் நம் கையிலேயே இருப்பது அரிதாக வாய்க்கும் மகிழ்ச்சி. இனி அவ்விரு சொற்களையும் அப்பொருளிலேயே வழங்குவோம்.

பருவத்தை அளக்கும் அறிவியல் முறையை உருவாக்கியவர்களுள் தலையாயவர், இங்கிலாந்தின் மருத்துவ அறிஞர் சேம்சு டானர். 1948ஆம் ஆண்டில், இலண்டனுக்கு வடக்கேயுள்ள ஹார்ப்பெண்டன் என்னும் ஊரில் ஆதரவற்ற குழந்தைகளுக்கான இல்லமொன்றில் அவர் ஆய்வு தொடங்கிற்று. அவரோடு பணியாற்றிய ஒயிட்ஹவுசு என்பவர் அக்குழந்தைகளை ஆண்டுதோறும் அதே கவனத்தோடு அளந்துவந்தார். ஒரே குழந்தையைப் பல ஆண்டுகள் விடாமல் அளந்தால்தான் வளர்ச்சியின் விரைவு தெரியும் என்பது அவர்கள் கொள்கை. இடக்கையின் எக்ஸ்-ரே படத்தில் மணிக்கட்டு, விரல் எலும்புகள் எவ்வளவு முதிர்ந்துள்ளன என்பதை மதிப்பெண்ணிட்டுக் கணிக்கும் முறையும் அவர்கள் வகுத்ததே. டானர்–ஒயிட்ஹவுசு முறையின் மூன்றாம் பதிப்பு 2001ஆம் ஆண்டில் வெளிவந்தது. அது 13 எலும்புகளைப் பார்த்துக் கணக்கிடும்.

இம்முறையை இன்று இந்தியாவில் இளைஞர் விளையாட்டில் தொடர்புடைய எவரும் 'டி.டபிள்யூ.-3' என்னும் பெயரால் அறிவர். இந்தியக் கிரிக்கெட் வாரியம் 2012ஆம் ஆண்டு முதல் இதனை வயதுச் சோதனையாகக் கையாளத் தொடங்கியது. நம் காற்பந்துச் சம்மேளனமும் இளைஞர் போட்டிகளில் இதனையே பயன்படுத்தியுள்ளது. பொய்ச் சான்றிதழை ஒழிக்க வேறு வழி காணாமல் மேற்கொண்ட ஏற்பாடு இது. அதன் நோக்கத்தை நாம் குறை கூறவில்லை. ஆயினும் இதிலுள்ள முரணைச் சுட்டாமல் விட இயலாது. ஒரே வயதுடைய இரு குழந்தைகளின் எலும்புகள் ஒன்றுபோல் இரா என்பதைக் காட்டவே டானர் இக்கருவியை ஆக்கினார். நாமோ, எலும்பைப் பார்த்தால் பிறந்த ஆண்டு தெரியும் என்று அதே கருவியைக் கையிலெடுத்தோம். விரைந்து பருவமெய்திய நேர்மையான 13 வயதுச் சிறுவனின் எலும்பு 15 என்று சொல்லும், அவன் பொய்யனாகிறான். மெதுவாக வளரும் 15 வயதுச் சிறுவனின் எலும்பு 13 என்று சொல்லும், அவன் தேறிவிடுகிறான்.

உலகக் காற்பந்துக் கூட்டமைப்பு மேற்கொண்ட வழி சற்று நுட்பமானது. 2009ஆம் ஆண்டில் நைசீரியாவில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையிலிருந்து, எம்.ஆர்.ஐ. என்னும் காந்தப் படத்தால் மணிக்கட்டைச் சோதிக்கின்றனர். இதில் எக்ஸ்-ரே கதிரின் தீங்கு இல்லை. அன்றியும், அவர்கள் வயது இவ்வளவு என்று கணிப்பதில்லை. முன்கை எலும்பின் முனையிலுள்ள வளர்தட்டு முற்றும் மூடிவிட்டதா என்று மட்டுமே பார்க்கின்றனர். 17 வயது நிரம்பாதவனுக்கு அது முற்றும் மூடியிருத்தல் நூற்றில் ஒருவருக்கும் குறைவு. ஏமாற்றுவோருள் சிலர் இதில் தப்பிவிடக்கூடும். ஆனால் நேர்மையானவன் சிக்குவது அரிது. இரண்டு குறைகளுள் இக்குறையே பொறுக்கத்தக்கது என்பது நம் கருத்து. 2017ஆம் ஆண்டில் நம் நாட்டிலேயே இக்கோப்பைப் போட்டி நடந்தது. தில்லியில் அக்டோபர் 9ஆம் நாள் கொலம்பியாவுக்கெதிராக மணிப்பூரின் சீக்சன் சிங் தலையால் முட்டிப் போட்ட கோல், உலகக் கோப்பைப் போட்டி ஒன்றில் இந்தியா அடித்த முதல் கோலாயிற்று. ஆடிய மூன்று ஆட்டங்களிலும் நாம் தோற்றோம். எனினும் அரங்குகள் நிரம்பியிருந்தன.

வயதை அளப்பதும் பருவத்தை அளப்பதும் வேறு வேறு பணிகள் என்பதை நன்கு உணர்ந்து செயற்பட்டவர்கள் இங்கிலாந்தின் முதற்பிரிவுக் கழகங்களோடு பணியாற்றிய பாத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள். இங்கேதான் நேயர்கள் நினைவில் வைத்துள்ள கணக்கு பயன்படுகிறது. சிறுவனின் இன்றைய உயரம், எடை, வயது, தாய் தந்தையரின் உயரம் ஆகியவற்றைக் கொண்டு அவன் பெரியவனானபின் எட்டக்கூடிய உயரத்தைக் கணிக்கும் சூத்திரமொன்றைக் காமிசு, ரோச்சு என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள் 1994ஆம் ஆண்டில் வெளியிட்டிருந்தனர். அவ்வுயரத்தில் எத்தனை பங்கை இப்போது எட்டியுள்ளான் என்பதே பருவத்தின் அளவு. நான்கு கழகங்களைச் சேர்ந்த, 11 முதல் 14 வயது வரையுள்ள 66 சிறுவர்களுள் எல்லாருமே நூற்றுக்கு 85க்கும் 90க்கும் இடைப்பட்டவர்களாக இருக்குமாறு பிரித்து ஒரு போட்டி நடத்தினர். அதன் முடிவு 2018ஆம் ஆண்டில் வெளிவந்தது. தம் வயதுப் பிரிவில் எப்போதும் உடல் வலிமையால் வென்றுவந்த சிறுவர்கள், இங்கே வலிமை செல்லாமையால் பந்தை விரைந்து கொடுக்கவும் சிந்தித்து ஆடவும் வேண்டியிருந்தது என்றனர். மெதுவாக வளரும் சிறுவர்களோ, தம் திறமையைக் காட்டவும் அணியை முன்னின்று நடத்தவும் இங்கே இடங்கிடைத்தது என்று மகிழ்ந்தனர். இவ்வேற்பாடு வயதுப் பிரிவை ஒழிக்கவில்லை. இடையிடையே நடத்தித் துணைசெய்கிறது. கொல்கத்தாப் பேட்டைகளின் கோலைக் கண்டவர்களுக்கு இது புதியதன்று; கோலுக்கு இல்லாதிருந்த பங்குக் கணக்கு மட்டுமே புதிது. ஒன்றைக் கருத வேண்டும்: அச்சூத்திரம் அமெரிக்க வெள்ளையர் குழந்தைகளின் அளவுகளிலிருந்து பிறந்தது. நம் பிள்ளைகளுக்கு அதனை அப்படியே ஒட்டவைக்கலாகாது.

இனி, சிறுவனை அளந்தபின் திடலையும் அளக்கவேண்டுமல்லவா? பெரியவர்களின் கோல் வாயில் 24 அடி அகலமும் 8 அடி உயரமும் உடையது. நாலரை அடிச் சிறுவனை அதன்முன் நிறுத்திவிட்டு, அவன் தலைக்கு மேலே பந்தைத் தூக்கி உதைக்கும் அணி வெல்லும். அவ்வணியின் பயிற்சியாளர் கெட்டிக்காரர் எனப்படுவார். சிறுவர்கள் கற்றது என்னவோ ஒன்றுமில்லை. பெல்சியத்தில் மிஷேல் சாப்லோன் என்பார் தொழில்நுட்ப இயக்குநராய் இருந்தபோது, சிறுவரை முதலில் இருவருக்கு இருவராகவும், பின்னர் ஐவர், எண்மர் என்று படிப்படியாகவும் ஆடவிட்டு, பதினொருவர் ஆட்டத்திற்குக் கொண்டுசெல்லும் முறையை நிறுவினார். மிகச் சிறிய பிள்ளைகளுக்கு வெற்றிப் பட்டியலையே நீக்கினார். 2006, 2010 ஆகிய இரு உலகக் கோப்பைகளுக்கும் தகுதி பெறாத அந்நாடு, 2018ஆம் ஆண்டில் மூன்றாம் இடம் பெற்றது. இங்கிலாந்தும் 2012ஆம் ஆண்டில் 7, 8 வயதினருக்கு ஐவர், 9, 10 வயதினருக்கு எழுவர், 11, 12 வயதினருக்கு ஒன்பதின்மர் என்று வரையறுத்தது.

செருமனியில் இக்கருத்தைப் பரப்பியவர்களுள் ஹோர்ஸ்ட் வைன் என்பவரை இந்தியர் நாம் அறிந்திருக்க வேண்டும். அவர் முதலில் ஹாக்கிப் பயிற்சியாளர். 1980ஆம் ஆண்டு மாஸ்கோ ஒலிம்பிக் இறுதியாட்டத்தில், தமிழ்நாட்டைச் சேர்ந்த வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் இந்தியா 4-3 என வென்று தங்கம் பெற்றபோது, எதிர்த்து நின்ற ஸ்பெயின் அணிக்குப் பயிற்சியளித்தவர் அவரே. பின்னர்க் காற்பந்துக்கு வந்து, மூவருக்கு மூவராக, பக்கத்திற்கு இரண்டென நான்கு சிறு கோல் வாயில்கள் வைத்து ஆடும் ஆட்டமொன்றை அமைத்தார். 'பூனின்யோ' என்பது அதன் பெயர். களிப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும், குழந்தையைக் குறிக்கும் ஸ்பானியச் சொல்லும் இணைந்தது. இரண்டு வாயில்கள் இருப்பதால், ஒருபுறம் நெருக்கடி மிகுந்தால் மறுபுறம் திரும்பவேண்டும் என்பதைச் சிறுவன் தானே கண்டுகொள்கிறான். கரையிலிருந்து எவரும் கூவத் தேவையில்லை. ஐதராபாத்தின் ரகீம் சாகேபும் இவரும் சந்தித்ததில்லை. ஆயினும் இருவரும் ஒரே பள்ளியைச் சேர்ந்தவர்கள் என்று கொள்ளலாம். வைன் 2016ஆம் ஆண்டில் காலமானார். இத்தகைய சிற்றாட்டங்களையே மிக இளைய பிரிவுகளுக்கு முறையாக்கச் செருமானியக் காற்பந்துச் சங்கம் 2022ஆம் ஆண்டில் முடிவுசெய்து, 2024-25ஆம் பருவத்திலிருந்து நாடு முழுவதும் கட்டாயமாக்கியது. பட்டியலும் வெற்றி தோல்வியும் இல்லையேல் பிள்ளைகள் போராடக் கற்கமாட்டார்கள் என்று அந்நாட்டுக் காற்பந்துத் தலைவர்களிடையிலேயே எதிர்ப்பு எழுந்தது. இரண்டு வாயில்களைக் காக்கும் ஆறு வயதுப் பிள்ளையைச் சிறிது நேரம் பார்த்தவர் இவ்வாறு சொல்வாரா என்பது நமக்கு ஐயமே.

நம் நாட்டிலும் 2018ஆம் ஆண்டில், 6 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கெனக் 'கோல்டன் பேபி லீக்' என்னும் பெயரில், சிறு திடலில் சிலரே ஆடும் போட்டிகளைச் சம்மேளனம் தொடங்கியது. மிசோரம், மேகாலயம் முதலிய வடகிழக்கு மாநிலங்களில் இத்தகைய முயற்சிகள் முன்பே வேர்கொண்டிருந்தன. சிறுமியரும் சிறுவரும் கலந்து ஆடலாம் என்பது இதன் சிறப்பு. ஆனால் 13 வயதைத் தாண்டியவுடன், தேர்வு நாள், சான்றிதழ், எலும்புப் படம் என்னும் பழைய வாயில்கள் எதிரே நிற்கின்றன. நம் குடியிருப்புகளிலிருந்து பிள்ளைகள் பயிற்சிப் பள்ளிகளுக்குச் செல்வதும் பெரும்பாலும் இப்பருவத்தில்தான்.

இப்பருவத்தில் உடலும் தன் வேலையைத் தொடங்குகிறது. சிறுவரின் வளர்ச்சி மிக விரைவாக நிகழ்வது சராசரியாக 14 வயதை ஒட்டி. சிலருக்கு 12லேயே வரும், சிலருக்கு 16 வரை வராது. அவ்விரைவின்போது எலும்பு முன்னே ஓடுகிறது. தசையும் தசைநாரும் பின்னே வருகின்றன. முழங்காற் சிப்பிக்குச் சற்றுக் கீழே, தசைநார் எலும்போடு சேரும் இடத்தில் இழுப்புண்டு வலி தோன்றும். ஓஸ்குட், சிலாட்டர் என்னும் இரு மருத்துவர்கள் 1903ஆம் ஆண்டிலேயே இதனைத் தனித்தனியே எடுத்துரைத்துள்ளனர். இதுகாறும் ஒழுங்காக ஓடிய சிறுவன் திடீரெனத் தடுமாறுகிறான். பந்து அவன் காலில் தங்குவதில்லை. தேர்வாளர் கண்ணுக்கு அவன் திறமை இழந்தவனாகவும், தந்தையார் கண்ணுக்குச் சோம்பேறியாகவும் தோன்றுகிறான். உண்மையில் அவனுக்குப் புதிய கால்கள் முளைத்துக்கொண்டிருக்கின்றன.

இதைக் கண்டறியப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. சுவரில் ஒட்டிய அளவு நாடாவும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும். மூன்று திங்களுக்கொரு முறை, காலணி கழற்றி, ஒரே வேளையில், ஒருவரே அளந்து குறிக்கவேண்டும். இந்தியக் குழந்தைகளுக்கெனவே இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2015ஆம் ஆண்டில் திருத்தி வெளியிட்ட வளர்ச்சி வரைபடங்கள், 5 முதல் 18 வயது வரைக்கும் உள்ளன, அவற்றோடு ஒப்பிடலாம். குறிப்பில் உயரம் திடீரெனத் தாவுவதைக் கண்ட பயிற்சியாளர், அடுத்த சில திங்களுக்கு அச்சிறுவனின் ஓட்டத்தையும் தொலைவுதைகளையும் குறைத்து, பந்தை நிறுத்துதலும் கொடுத்தலுமான இலேசான வேலைகளைத் தருவார். தேர்வு நாள் அதற்குள் வந்தால், அதனைத் தள்ளிவைக்குமாறு பெற்றோரே கேட்கலாம்.